விடுமுறை வகுப்பு, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓகஸ்ட் விடுமுறை கிட்ட வரும்போது வட மாகாணத்து வன்னிப் பாடசாலைகள் பலவற்றில் விடுமுறை வகுப்புக்கான நேரசூசி தயாராகிவிடும். பெரும்பாலும் அது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கானது. அவர்களிலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவார்கள் என்று நம்பப்படுபவர்களுக்கே கூடுதல் கவனிப்பு. மாதிரி வினாத்தாள் அடிக்கவும், வெளியிலிருந்து ஆசிரியரை அழைக்கவும், மதியச் சாப்பாடு கொடுக்கவும் பழைய மாணவர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் மனமுவந்து காசு தருகிறார்கள். அதே வகுப்பில், வினாத்தாளின் முதல் வரியையே வாசிக்க முடியாத பிள்ளை விடுமுறை முழுவதும் வீட்டில் நிற்கிறது. தவணை தொடங்கும்போது அதற்குத் தெரிந்திருந்த எழுத்துகளிலும் பாதி மறந்திருக்கும். விடுமுறைக் காசிலும் ஆளணியிலும் முதற்பங்கு இந்தப் பிள்ளைக்குப் போகவேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். நல்ல மனதோடு தொடங்கும் வாசிப்பு வகுப்புகள் பல செய்முறை பிழைத்து வீணாகிப் போவதால், செய்முறையையும் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

தாய் தகப்பன் வீட்டில் வாசிப்பித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இன்று தரம் 3, 4, 5 இல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எந்தக் காலத்தில் பள்ளிக்குப் போனவர்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். 1996 இல் போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்வு, 2008–2009 இல் ஊரூராக ஓட்டம், பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாம். அந்த முகாம் மூடப்பட்டதே 2012 இல்தான். பலருக்கு ஐந்தாம், ஆறாம் வகுப்போடு படிப்பு அறுந்துபோனது. அவர்களிடம் போய் ‘பிள்ளையைக் கவனியுங்கோ’ என்று சொல்லிவிட்டு வருவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். அவர்களின் பிள்ளைகளுக்கும் 2020, 2021 கொரோனா முடக்கமும் 2022 எரிபொருள் நெருக்கடியும் முன்பள்ளி, ஆரம்ப வகுப்பு நாட்களைத் தின்றன. கைத்தொலைபேசி வழியாகப் பாடம் அனுப்பப்பட்ட காலத்தில் சிக்னல் இல்லாத குடியேற்றக் கிராமங்கள் நம்மிடம் எத்தனையோ இருந்தன.

எந்த விடுமுறையில் நடத்துவது என்பதை முதலில் முடிவெடுக்கவேண்டும். டிசெம்பர் வன்னிக்குச் சரிவராது. மாரி மழை, குளங்கள் வான் பாயும் காலம். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் பாடசாலைக் கட்டிடங்கள்தான் இடைத்தங்கல் முகாம்களாயின. ஏப்ரலும் ஓகஸ்டுமே பொருத்தம். ஓகஸ்டில் சிறுபோக அறுவடையும் மடு மாதா திருவிழாவும் குறுக்கிடும். ஆகவே 15ஆம் திகதியை ஒட்டி இரண்டு மூன்று நாள் வகுப்பு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால், இரண்டு நாள் வராத பிள்ளை கூச்சத்தால் மூன்றாம் நாளும் வராது. விடுமுறையின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் 12 வேலைநாளுக்குத் திட்டமிடுங்கள். விடுமுறை குறுகினால் 8 நாள் நடத்திவிட்டு மீதியைத் தவணையின் முதல் நான்கு சனிக்கிழமைகளில் முடிக்கலாம்.

நேரம் காலை 8 மணி முதல் 10.30 வரை. சோளகக் காற்றும் வெயிலும் ஏறிய பிறகு தகரக் கூரையின் கீழ் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து ஏறாது. பின்னேர வகுப்பும் வேண்டாம். ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணிப் பக்கக் காட்டோரக் கிராமங்களில் பொழுதுபட முன்னரே யானை தெருவுக்கு வந்துவிடும். இடம் பாடசாலையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பிள்ளை ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் நடந்து வரக்கூடிய சனசமூக நிலையம், முன்பள்ளி, கோயில் மடம் எதுவும் போதும்.

பிள்ளைகளைத் தெரிவு செய்வதில்தான் முதற் பிழை நடக்கிறது. தவணைப் பரீட்சைப் புள்ளியை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். வகுப்பாசிரியரிடம் பெயர்ப்பட்டியல் மட்டும் வாங்கினாலும் போதாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இருத்தி, மற்றப் பிள்ளைகள் கேட்காத தூரத்தில், ஒரே தாளை வைத்து வாசிக்கவிடவேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். தாளில் நான்கு பகுதிகள். 20 எழுத்துகள், அவற்றில் பாதி அகர எழுத்து, பாதி குறியோடு கூடியது. மரம், பால், கிளி, வீடு, குடை, பூனை, தேன், கொடி, நெல், வண்டி என்பது போன்ற 10 சொற்கள். பிறகு நான்கு வசனப் பந்தி ஒன்று: ‘குளத்தில் தண்ணீர் நிறைந்தது. கொக்குகள் வந்தன. அவை மீன் பிடித்தன. தம்பி கரையில் நின்று பார்த்தான்.’ கடைசியில் பத்து வசனக் கதையும் அதைப் பற்றி மூன்று கேள்வியும்.

பந்தியிலிருந்து தொடங்குங்கள். மூன்று பிழைக்குள் வாசித்தால் கதைக்குப் போகலாம். இல்லாவிட்டால் சொல்லுக்கு இறங்குங்கள். 10 சொல்லில் 8 சரியாக வராவிட்டால் எழுத்துக்கு இறங்குங்கள். எங்கே நிற்கிறதோ அதுவே பிள்ளையின் குழு. தரம் 5 பிள்ளையும் தரம் 3 பிள்ளையும் ஒரே குழுவில் இருக்கலாம்; வயதுக்கும் தரத்துக்கும் இங்கே வேலையில்லை. எழுத்துக் குழுவில் 8 பேருக்கு மேல் கூடாது. மற்றக் குழுக்களில் 12 வரை போகலாம்.

தமிழ்ப் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு வரியும் அந்தத் தாளில் இருக்கக்கூடாது. சில பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் பாடம் முழுவதையும் கடகடவென்று ஒப்புவிக்கும். விரல் ஒரு வரியில் நிற்க, வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். படத்தை மறைத்து, கடைசி வரியின் இரண்டாவது சொல்லைக் காட்டிக் கேட்டால் பிள்ளை முழிக்கும். இந்தப் பிள்ளைதான் மூன்று வருடம் ஒருவர் கண்ணிலும் படாமல் தரம் ஏறி வருகிறது. புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிற பிள்ளை, கூப்பிட்டால் ஒரு பக்கம் தலை திருப்புகிற பிள்ளை இருந்தால், ‘மெல்லக் கற்பவர்’ என்று முத்திரை குத்துமுன் வைத்தியசாலையில் கண்ணையும் காதையும் காட்டுங்கள்.

இனிக் கற்பித்தல். 247 எழுத்து என்று சுவரில் அட்டவணையைத் தொங்கவிட்டுப் பிள்ளையைக் கோரசாகச் சொல்லவைப்பது பிள்ளையை மிரட்டுகிற வேலை. உண்மையில் பிள்ளை பிடிக்கவேண்டியது 12 உயிர், 18 மெய்வடிவம், அவற்றோடு சேரும் 11 குறிகள், ஒரு புள்ளி. குழப்பம் வருகிற இடங்கள் சிலதான், அவை எவை என்று நமக்குத் தெரிந்திருந்தால் வேலை பாதியாகிவிடும்.

முதல் நாள் அகர எழுத்தும் புள்ளியும் மட்டும். ட, ப, ம, ர, க, ல, வ, ய, த என்ற ஒன்பது எழுத்தோடு படம், மரம், பட்டம், கடல், வயல், பகல், தட்டம் என்று அன்றைக்கே சொல் வாசிக்கலாம். முதல் நாளிலேயே ஏழு சொல் வாசித்த பிள்ளை மறுநாள் தானாக வரும். வீட்டில் பாட்டனார் பாட்டியார் பழைய முறையில் ‘பானா, டானா, மானா’ என்று எழுத்தின் பெயரைப் பழக்கியிருப்பார்கள். பானா, டானா, மானாவைச் சேர்த்தால் ‘படம்’ வராது. வகுப்பில் ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து ா, ி, ீ. அரவுக்கும் (ா) ர எழுத்துக்கும் வடிவம் கிட்டத்தட்ட ஒன்று, கீழே உள்ள சாய்ந்த கால் மட்டுமே வித்தியாசம். மலிவான அச்சில் அதுவும் தெரியாது. அதனால் எழுத்து அட்டையில் ர வின் காலை நீட்டி எழுதுங்கள். ‘டி, டீ’ இரண்டையும் தனியாகக் காட்டவேண்டும், அவை மற்ற எழுத்துகளைப் போல் குறி ஏற்பதில்லை.

உகர வரிசைதான் பெரிய முட்டுக்கட்டை. மற்றக் குறிகள் எழுத்தோடு ஒட்டி அடையாளம் தெரிய நிற்க, இது எழுத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. 18 ஐயும் ஒரே நாளில் கொட்டாமல் வடிவப்படி மூன்றாகப் பிரியுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். கீழே கோடு இறங்கும் ஙு, சு, பு, யு, வு இன்னொன்று. கீழே போய் வளைந்து மேலே ஏறும் ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. நாளுக்கு ஒரு கூட்டம். ஊகாரம் அதற்கடுத்த நாள். இந்த நான்கு நாளை அவசரப்படுத்தினால் பிறகு பத்து நாள் செலவழித்தாலும் சரிக்கட்ட முடியாது.

பிறகு கொம்பு (ெ). கண் இடமிருந்து வலம் போகிறது, ஆனால் கொம்பின் ஒலி எழுத்துக்குப் பின்னால் வருகிறது. ‘கொடி’யில் ெ, க, ா என்று மூன்று அடையாளத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கவேண்டும். பிள்ளை இடது கொம்பை மட்டும் பார்த்து ‘கெ’ என்று தொடங்கி, அரவைக் கண்டதும் நின்றுவிடும். இதற்கு ஒரு சாளர அட்டை செய்யுங்கள். 20 சென்ரிமீற்றர் நீளம், 8 சென்ரிமீற்றர் அகலமான பிஸ்கற் பெட்டி மட்டை. இடது ஓரத்தில் கொம்பு, வலது ஓரத்தில் அரவு, நடுவில் 5 சென்ரிமீற்றர் சதுரத்தில் வெட்டிய துவாரம். பின்னால் க, ச, த, ப, ம, வ எழுதிய நீளக் கீலத்தை மேலும் கீழும் இழுத்தால் கொ, சொ, தொ, பொ, மொ, வொ என்று மாறிக்கொண்டே வரும். வலது அரவை விரலால் மூடினால் கெ, செ, தெ. இரட்டைக் கொம்போடு இன்னொரு அட்டை செய்தால் கோ, சோ, தோ. இதில் பத்து நிமிடம் விளையாடும் பிள்ளை கரும்பலகையில் ஒரு கிழமை படிப்பதைப் பிடித்துவிடும். ஔகாரக் குறியைக் கடைசி நாள்களுக்கு விடலாம். அதில் வரும் சொற்கள் மிகச் சில.

க ஒன்றே கடலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் பகலில் ஒரு மாதிரியும் ஒலிக்கும். இதற்கு விதி சொல்லிக் கொடுக்கவேண்டாம், சொல்லாகப் பழகினால் வாய் தானே பிடித்துக்கொள்ளும். ற்ற, ன்ற இரண்டையும் மட்டும் இணைந்த துண்டாகவே காட்டுங்கள்: காற்று, வெற்றிலை, கன்று, நின்று. ‘கன்று’ என்று எழுதியிருப்பதைப் பிள்ளை ‘கண்டு’ என்று வாசித்தால் கோபிக்கக்கூடாது. வீட்டில் மாங்கண்டு, தென்னங்கண்டு என்றுதான் அது கேட்டு வளர்ந்தது. பொருள் விளங்கித்தான் வாசித்திருக்கிறது. சரியான ஒலியை ஒருமுறை சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள்.

பேச்சுக்கும் புத்தகத்துக்கும் உள்ள இடைவெளி எழுத்தை விடப் பெரிய தடை. ஆகவே பிள்ளை சொல்வதையே எழுதுங்கள். ‘அப்பா குளத்துக்கு மீன் பிடிக்கப் போனவர்’ என்று பிள்ளை சொன்னால் அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, வாசிக்கவிட்டு, பிறகு அதன் கீழே ‘போனார்’ என்ற புத்தக வடிவத்தையும் எழுதுங்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ‘போனாரு’ என்று சொல்லும். அதையும் அப்படியே எழுதவேண்டும். அதன் பேச்சைக் கேட்டு வகுப்பில் ஒருவரும் சிரிக்கவிடாதீர்கள். சிரிப்புக்கு ஆளான பிள்ளை அதன் பிறகு வாயே திறக்காது.

ஒரு நாளின் ஒழுங்கு எளியது. பத்து நிமிடம் கதை பேச்சு, இருபது நிமிடம் அட்டை, இருபது நிமிடம் சொல் கட்டுதல், பிறகு சாப்பாடு, அதன் பின் இருவர் இருவராக உரத்து வாசிப்பு, சொந்த வசனம் ஒன்று எழுதுதல், கடைசிப் பதினைந்து நிமிடம் உதவியாளர் நல்ல கதை ஒன்றை வாசித்துக் காட்டுதல். கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் பார்த்தெழுதும் வேலையை முற்றாக நிறுத்துங்கள். பக்கம் பக்கமாக அழகாக எழுதியிருக்கும், ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. கொப்பியைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்வார்கள், பிள்ளையோ நின்ற இடத்திலேயே நிற்கும்.

சாப்பாடு இல்லாமல் இதை நடத்தவேண்டாம். பாடசாலையில் தரும் உணவு விடுமுறையில் கிடையாது. 30 பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ கௌபிப் பயறு முதல்நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் அவித்து, இரண்டு தேங்காய்த் துருவலோடு கொடுத்தால் போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் முறைவைத்துச் செய்யக்கூடிய வேலை இது.

30 பிள்ளைக்கு மூன்று உதவியாளர், மேலும் ஒருவர் மாற்றாக. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தங்கச்சிமார், தம்பிமார், முன்பள்ளி ஆசிரியைகள், விடுமுறையில் ஊருக்கு வரும் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் இதற்கு ஏற்றவர்கள். மூன்று நாள் பயிற்சி வேண்டும். அதில் இரண்டு நாள் உண்மையான பிள்ளைகளை வைத்தே பழகவேண்டும். சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் நாளுக்கு ஒரு லீற்றர் பெற்றோல் காசையாவது தவறாமல் கொடுங்கள். பெரும்பாலும் உதவியாளர்கள் இடையில் நிற்பது மனமில்லாமல் அல்ல, போக்குவரத்துக் காசில்லாமல்தான்.

இது வெளிநாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட வழிதான். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் ஊர் இளைஞர்களைப் பழக்கி வாசிப்பு வகுப்புகள் நடத்தியபோது, எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளைகள் எழுத்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஆனால் தேவைப்பட்ட பிள்ளைகளில் பெரும்பகுதி வகுப்புக்கு வரவேயில்லை. நமக்கு அதில்தான் பாடம் இருக்கிறது. அறிவித்தல் ஒட்டிவிட்டுக் காத்திருக்கக்கூடாது, பட்டியலோடு வீடு வீடாகப் போகவேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடை விடுமுறைகளில், அவர்களே விரும்பித் தெரிவு செய்த 12 புத்தகங்களைக் கொடுத்தார்கள். புத்தகம் கிடைத்தவர்களின் வாசிப்பு, கிடைக்காதவர்களை விட முன்னேறியது. சொல் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இந்த வழி இங்கேயும் பொருந்தும். எழுத்துத் தெரியாத பிள்ளையின் கையில் புத்தகத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது படம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடும்.

புத்தகம் 30 பிள்ளைக்கு 40 இருந்தால் தாராளம். 16 முதல் 24 பக்கம், பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் இல்லாதவை. நன்கொடையாக வரும் தடித்த புத்தகங்களில் பெரும்பாலானவை இந்தப் பிள்ளைகளுக்கு உதவா. தினமும் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கிழிந்தால் பசை பூசி ஒட்டலாம், தண்டம் கேட்கவேண்டாம். தண்டத்துக்குப் பயந்து புத்தகத்தை அலுமாரியில் பூட்டுவதால்தான் பாடசாலை நூலகங்களில் பல நூல்கள் புதுமணம் மாறாமல் கிடக்கின்றன.

முன்னேற்றத்தை அளக்க முதல் நாளும் ஆறாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் புதிய பந்தி ஒன்றை ஒரு நிமிடம் வாசிக்கவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணவேண்டும். ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ ஒரு சொல்தான், ஆனால் 13 எழுத்து. சொல்லை எண்ணினால் ‘பால்’ வாசித்த பிள்ளையும் அதை வாசித்த பிள்ளையும் சமமாகிவிடும். வெளிநாட்டு அளவுகோல்களை அப்படியே கொண்டுவருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வகுப்பின் பெயரில் ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல் வரக்கூடாது. பதாகை, பிரதம விருந்தினர், மாலை மரியாதை என்று முதல் நாளை முழுதாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிடும்படி தயவாகக் கேட்கிறோம். 12 நாளில் ஒரு நாள் போவது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு. பதாகைக் காசுக்குச் சிறு புத்தகங்கள் சில வாங்கலாம். விடுமுறை வகுப்பு முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் ஒன்றரை மணித்தியாலமாவது தொடராவிட்டால் இரண்டு மாதத்தில் பாதி கரைந்துவிடும் என்பதையும் தொடங்கும்போதே கணக்கில் எடுக்கவேண்டும்.

துணுக்காய், முல்லைத்தீவு, மடு, வவுனியா வடக்கு, கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு வலயக் கல்விப் பணிமனைகள் புதிதாக நிதி தேடவேண்டியதில்லை. விடுமுறை வகுப்புக்கு அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு பாடசாலையிடமும், வாசிக்க முடியாத தரம் 3, 4, 5 பிள்ளைகளின் பட்டியலையும் அவர்களுக்கான ஏற்பாட்டையும் சேர்த்துக் கேட்டாலே போதும். ஆரம்பக்கல்வி ஆசிரிய ஆலோசகர்கள் மூன்று நாள் பயிற்சியைப் பொறுப்பெடுக்கலாம்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். ஜூலை, ஓகஸ்ட் மாத ஞாயிறு இதழ்களில் அரைப்பக்கம் இந்தப் பிள்ளைகளுக்குத் தாருங்கள். ஐம்பது அறுபது சொல்லில் ஒரு கதை, எழுத்தின் உயரம் 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளியோடு, ர வும் அரவும் வேறுபட்டுத் தெரியும் அச்சில். பத்திரிகைப் பத்தியில் இடம் போதாதபோது சொல்லை வரி முடிவில் பாதியாக முறித்து அடுத்த வரியில் தொடர்வீர்கள். பெரியவர்களுக்கு அது பழகிவிட்டது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அந்த முறிவில் வாசிப்பே நின்றுபோகும். இந்த அரைப்பக்கத்தில் மட்டும் ஒரு சொல்லும் முறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதைகளை நிலைவாரியாக எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் நான்கு கதைகளை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைப்போம்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆரம்பக்கல்வி ஆசிரியர்களும் கிராம வாசிப்பு வகுப்பு உதவியாளர்களும்,
மல்லாவி – துணுக்காய்.